உறை இல்லாத இசைத்தட்டு

தேயிலைத் தோட்டத்துக் கூலிகளுக்குக் கட்டிய லயத்தில், எங்கள் அறையில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஓர் இசைத்தட்டு தொங்குகிறது. அதைப் போட்டுக் கேட்கப் பாட்டுப்பெட்டி எங்களிடம் இல்லை. இந்த லயத்திலேயே யாரிடமும் இல்லை. ஊரிலிருந்து நீங்கள் வந்தால் முதலில் இதைத்தான் கேட்பீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

முசிறிப் பக்கம் நம் ஊரில் மேளம் வாசிக்கும்போதுதான் எல்லாரும் பேசுவார்கள். என் கல்யாணப் பேச்சே கோயில் நாயனத்துக்கு மேலே கத்தித்தான் முடிந்தது. இங்கே, கடல் தாண்டி வந்து, தலவாக்கலைக்கு மேலே, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்த பிறகுதான் பாட்டு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று தெரிந்தது. சீமைக்கு லீவில் போய் வந்தபோது துரை கொண்டுவந்த தட்டு அது. ஒரு கருப்பு மனிதர் தனியாகப் பியானோ வாசித்தது. ஜாஸ் என்பார்கள். பத்து விரலுக்கு இத்தனை வேகமா என்று தேநீரோடு கதவருகே நின்றுவிடுவேன். ஒருநாள் துரை தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "அப்பு, இது ஒரு நாள் வாசிச்சது இல்ல. வேற வேற ஊரு, வேற வேற வருசம். நல்லது பொறுக்கி ஒண்ணா போட்டது." பங்களாச் சமையல்காரன் யாராக இருந்தாலும் துரைமாருக்கு அவன் அப்புதான்.

இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட எங்களைப் போன்றவர்களை நுவரெலியாவுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என் மனைவி செல்லம்மா கொழுந்து பறிக்கிறவள், அவள் பெயர் தோட்டத்து ஆள் கணக்குப் புத்தகமான செக்ரோலில் இருக்கிறது. எனக்கோ துரை தன் கையிலிருந்துதான் சம்பளம் கொடுத்தார். என் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இத்தனை வருஷமும் இங்கேதான் இருந்தேன் என்று துரை ஒரு கடிதம் எழுதித் தந்தால் உண்டு. இல்லாவிட்டால் இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கும் சேர்த்து நாடு இல்லை. துரை சீமைக்கே திரும்பிப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறந்து கேளுங்களேன். தொரை என்ன, கடிச்சா தின்னுருவாரு?" என்பாள் செல்லம்மா.

மற்ற நேரமெல்லாம் துரையோடு கிளாக்கரோ கணக்கப்பிள்ளையோ இருப்பார்கள். ஆறாவது பாட்டு முடிந்து தட்டைத் திருப்பிப் போடும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு. தினமும் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். கேட்க வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். அதற்குள் அந்த மனிதர் மறுபக்கத்தில் வாசிக்க ஆரம்பித்துவிடுவார்.

கடைசி நாள் துரை தட்டை உறையோடு என் கையில் வைத்தார். "ஒனக்கு ரொம்பப் புடிக்கும். தினம் வந்து நின்னது பார்த்தேன்" என்று சிரித்தார். உறையில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. "தேங்ஸ் தொரைங்க" என்றேன். கார் போய்விட்டது.

கிளாக்கர் படித்துச் சொன்னார்: இருபது வருஷம் விடாமல் உழைத்த அப்புவுக்கு, கீழே துரையின் கையெழுத்து. எனக்கு உயிர் வந்தது. துணியில் சுற்றி விசாரணைக்குக் கொண்டுபோனேன். அதிகாரி உறையைப் புரட்டிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் என்னைக் கேட்டார்.

"இதில அப்பு எண்டுதான் கிடக்கு. உங்கட பேர் என்ன?"

"கருப்பையாங்க."

"அப்ப இந்த அப்பு ஆர்?"

"நான்தாங்க."

அதிகாரி மறுபடி பேசினார். "எல்லாப் பங்களாவிலயும் ஒரு அப்பு இருக்கிறான்தானே எண்டு கேக்கிறார்."

உண்மைதான். மனு தள்ளுபடியானது. உறையைக் கோப்பில் சேர்த்துக்கொண்டு தட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். ஊர்க் குடும்பக் கார்டிலிருந்தும் என் பெயரை எப்போதோ எடுத்துவிட்டதாக ஊரிலிருந்து தம்பி எழுதியிருக்கிறான்.

என் இருபது வருஷம் நுவரெலியாவில் ஒரு கோப்புக்குள் இருக்கிறது. தட்டு இங்கே ஆணியில் இருக்கிறது. தூசு துடைக்கும்போது விரலால் தடவிப் பார்ப்பேன். வரிவரியாக ஓடிவந்து, ஆறாவது பாட்டு முடிகிற இடத்தில் வழுவழுவென்று கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. விரல் அங்கே வந்து நின்றுவிடும்.