பச்சை மூடியா, வெள்ளை மூடியா?

போன புதன்கிழமை ஆவடியில் பஸ் ஏறினேன். பூந்தமல்லியில் அண்ணன் மகள் வாங்கிய பிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஜன்னலோர சீட். மடியில் சீர்ப் பை. காற்று நன்றாக வந்தது. கூடவே அந்த நினைப்பும் வந்தது...

காலையில் வீட்டுக்காரர் கண்ணில் விட்ட மருந்து — பச்சை மூடியா, வெள்ளை மூடியா?

நிதானமாகவே சொல்கிறேன். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள்தான். அவருக்கு இருப்பதும் அந்த ஒரு கண்தான். இன்னொன்று சின்ன வயதிலேயே அடிபட்டுப் போனது. பச்சை மூடி கண்ணுக்கு. வெள்ளை மூடி, முந்தின நாள் மருமகள் கவிதா வாங்கி வந்த காது மருந்து. இரண்டும் கட்டைவிரல் உயரம். ஒரே டப்பாவில் கிடந்தன. பேர் எழுதி ஒட்டட்டுமா என்று கவிதா கேட்டாள். நான் விடுவேனா? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான், அதற்காக நிறம்கூடவா தெரியாது என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

பருத்திப்பட்டு வரும்போது நினைத்துப் பார்த்தேன். பச்சை. அப்பாடா. இன்னொரு தடவை பார்த்தேன் — வெள்ளை. மூன்றாம் தடவை அவர் கண்ணைச் சுருக்கியதுகூடத் தெரிந்தது. எரிந்துதான் சுருக்கினாரா? தினமும் சுருக்குகிறவர்தானே? தேய்க்கத் தேய்க்கப் பாத்திரம் பளிச்சென்று ஆகிறது. நினைப்பு மட்டும் ஏன் மங்கிக்கொண்டே போகிறது?

அவருக்கு போன் போட்டேன்.

“இன்னாய்யா, கண்ணு எரியுதா?”

“இல்லியே. இன்னாத்துக்கு கேக்குற?”

“சும்மாதான்.”

சும்மாவாம்! கேட்க வேண்டியது கவிதாவை. அவளிடம் கேட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே... அதனால் மனசு அதே டப்பாவைத் திறந்து திறந்து மூடியது. பாரிவாக்கமும் வந்துவிட்டது. கௌரவம் பெரிதா, கண் பெரிதா? போன் போட்டேன்.

“கவிதா, காலையில எந்த மருந்து வுட்டேன்னு எனக்கே தெரியல. கொஞ்சம் பாரும்மா.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவள் ஓடுகிற சத்தம் கேட்டது.

“அத்தை, காது மருந்து சீலே உடைக்கல. நீங்க வுட்டது கண்ணு மருந்துதான்.”

உயிர் வந்தது. அந்த நிம்மதி சரியாக ஒரு ஸ்டாப் தூரம்தான் தாங்கியது. அப்புறம் மனசு கேட்கிறது — அவள் சரியாகப் பார்த்தாளா?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனசுக்குப் பதில் தேவையில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் கண்ணைத் தானே காவல் காப்பதாக அதற்கு ஒரு நினைப்பு. விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். பாவம், அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். நான் அதோடு சண்டைக்குப் போகவில்லை. மறுபடி போனும் போடவில்லை. அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே வந்தது. நான் பாட்டுக்குப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். நாற்காலியில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாமே, முந்தானைல சாம்பார கொட்டிக்கினு வந்துகீற?”

குனிந்து தேடினேன். கடுகளவு கறை.

ஐம்பது வருஷமாக இந்த மனுஷன் என்னிடம் கண்டுபிடித்த குறைகளில், எனக்குப் பிடித்த குறை இது ஒன்றுதான்.