அண்ணன் கிட்டாரில் குடைப்பிடி

மஞ்சள் காமாலையில் அண்ணன் போன மூன்றாம் மாதம், எங்கள் ஊர் உறுவையாறு மாதா கோயில் திருவிழா வந்தது. அவன் செய்த எலக்ட்ரிக் கிட்டாரை அந்த மேடையில் வாசித்துவிட வேண்டும், யாரும் அதைக் காப்பி என்று சொல்லிவிடக் கூடாது. எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

காப்பிதான். ஒரு கேசட் அட்டையில் வெள்ளைக்காரன் வைத்திருந்ததைப் பார்த்துப் பலாப்பலகையில் அறுத்தான். படம் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நல்லவாடு மீனவர் குப்பத்தில் படகுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயிண்டைப் பூசினான். தோளில் மாட்டினால் நெல் மூட்டைக் கனம். படத்தில் கிட்டாரின் அடியில் வளைந்த கம்பி ஒன்று தொங்கியது. ஆணியில் மாட்டுவதற்குத்தான் என்று முடிவு கட்டி, அம்மாவின் குடைப்பிடியை அறுத்து அங்கே திருகிவிட்டான். அந்த மழைக்காலம் முழுக்க அம்மா மொட்டைக் குடையோடு அவனைத் திட்டிக்கொண்டே திரிந்தாள்.

திருவிழா அன்றைக்கு மேடையில் எங்கள் பாட்டுக் குழு முதலில், பாகூர்க் குழு அடுத்து. பாகூர்க்காரனிடம் பிரான்சிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த அசல் கிட்டார், அதே அட்டைப்பட மாடல்.

"இன்னாடா இது, எங்க கிட்டாரு போட்ட குட்டியா?"

"எங்கண்ணன் செஞ்சது."

"பாத்து அடிச்சதுடா. ஒடம்பு காப்பி, கழுத்து காப்பி. சொந்தமா இன்னா கீது?"

"ஒன்னுது மட்டும் நீ செஞ்சியா? ஒங்க சித்தப்பா வாங்கியாந்தாரு."

"ஒரிஜினல்டா!"

"ஒரிஜினல் செஞ்சவன் கம்முனு கீறான். நீ ஏன்டா குதிக்கிற?"

அப்போதுதான் அவன் குடைப்பிடியைப் பார்த்தான். "டேய், கொடடா! அந்தக் கம்பி சவுண்ட ஆட்டறதுக்குடா, மாட்டறதுக்கு இல்ல!"

மேடையே சிரித்தது. எப்படியோ வாசித்து முடித்து, கிட்டாரை அந்தப் பிடியாலேயே பந்தல் மூங்கிலில் மாட்டிவிட்டு டீக்குப் போனேன். பாகூர்க்காரன் தன்னுடையதை நாற்காலியில் சாய்த்திருந்தான். அவர்கள் ட்ரம்காரர் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பலகை மேடை அதிர்ந்தது. அசல் குப்புற விழுந்து கழுத்து முறிந்தது. எங்களுடையது மூங்கிலில் சுகமாக ஆடியது.

கொஞ்ச நேரத்தில் பாகூர்க்காரன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"தம்பி, அந்தக் கொடய கொஞ்சம் குடேன்."

கொடுத்தேன். அதில்தான் வாசித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கேரியரில் ஒரு குடை. கிட்டார்மேல் நியூஸ் பேப்பரை விரித்து, பிடி இருக்கும் இடத்தைப் பென்சிலால் வரைந்தான்.

"இன்னாபா, காப்பியா?"

"மாடல் பாக்கறேன்பா."

"அது கோணலா கீது. எங்கண்ணன் ஸ்க்ரூவ தப்பா போட்டுட்டான். நீ நேரா போட்டுக்க."

"வேணாம்பா. நேரா போட்டு வுழுந்துட்டா? அப்பிடியே இருக்கட்டும்."

கோணலையும் விடாமல் வரைந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். குடையைப் பார்த்தாள்.

"யாரு கொடடா அது?"

"எங்கம்மாதுங்க."

"சொல்லிட்டு எடுத்தியா?"

அவன் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மூன்று மாதமாக யாரிடமும் வாய் திறக்காத அம்மா, இடுப்பில் கைவைத்து, அண்ணனைத் திட்டிய அதே திட்டுகளை முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றைக்கூட விடவில்லை.