எங்கள் சேனல்

ஃபிரிஸ்கோவில் என் சனிக்கிழமைக் காலைகள் வாக்கி-டாக்கி மாதிரியான மலிவான ஒரு கைரேடியோவோடுதான் போகும். கோயில் பார்க்கிங் வாலன்டியர்கள், கூரை மாற்றும் ஆட்கள் என்று அக்கம்பக்கத்தில் யார் பேசினாலும் கேட்பேன். என் மனைவி அந்தச் சனியனைத் தொடக்கூட மாட்டாள்.

அந்த லாங் வீக்கெண்டில் எங்களோடு சேர்த்து மூன்று குடும்பங்கள், மூன்று வண்டிகளில் ட்ரிப் போவதாக இருந்தது. வழியில் பேசிக்கொள்ள எல்லோரையும் இதே ரேடியோவை வாங்கவைத்து, சேனலையும் நானே போட்டுக் கொடுத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள், அவர்களில் அடுத்த தெரு நண்பர் போன் பண்ணினார்.

"குழந்தைக்கு ஜுரம் சார். ட்ரிப்பே கேன்சல்."

என் மனைவி பாவப்பட்டு, வழிக்கென்று கிளறிய புளியோதரையை அப்படியே அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்து ரேடியோவைத் திருப்பினால், எங்கள் சேனலில் அவர் குரல். அதை மாற்றக்கூடத் தெரியாத ஜென்மங்கள்.

"டோல்வேகிட்ட வந்துட்டேன். பின்னாடி வர்றீங்களா?"

"வந்துட்டே இருக்கோம். அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது. அவர் வந்தா வழியெல்லாம் லெக்சர் கேக்கணும்."

இரண்டு வண்டியிலும் சிரித்தார்கள். பிறகு நண்பரின் மனைவி பேசினாள்.

"புளியோதரை எங்க வண்டியிலதான் இருக்கு. ரெஸ்ட் ஏரியாவுல சாப்பிடலாம்."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ரேடியோவை என் கையிலிருந்து வாங்கிப் பட்டனை அழுத்தினாள்.

"குழந்தைக்கு ஜுரம் எப்படி இருக்கு?"