பொருந்தவில்லை என்று சொன்ன டாக்டர்

டாக்டர் போன செய்தி எனக்கு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில்தான் கிடைத்தது. மகள் மீனுவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவர் அறைக் கதவில் வேறு பெயர். "ஸார் இனி வரமாட்டார், சேச்சி. ஞாயிற்றுக்கிழமை அட்டாக்" என்றார் நர்ஸ். நான் அழவில்லை. "அப்போ இந்த ரிசல்ட்டை யார் பார்ப்பாங்க?" என்றுதான் கேட்டேன். அப்படிக் கேட்ட வெட்கத்திலேயே அவருடைய நினைவு மலருக்கு மூன்று மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன்.

அவரிடம் சிறுநீரக மாற்று செய்துகொண்ட குடும்பங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? வார்டுக்குள் வந்தால் கட்டிலடியில் தொங்கும் சிறுநீர்ப் பையைத்தான் முதலில் பார்ப்பார், முகத்தை அப்புறம். "மோளே, இன்னிக்கு எத்ர?" என்று மலையாளம் கலந்து அளவு கேட்பார். மீனு "நானூறு மில்லி" என்றால், "அடிச்சது பம்பர்!" என்று லாட்டரிக்காரர் போலக் கூவுவார். "மூத்திரத்துக்குப் போயி இவ்வளவு சந்தோஷமா, ஸார்?" என்று அவள் கேலி செய்வாள். "என் சம்பளமே அதுதானே" என்பார்.

எட்டு வயதில் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போயின. தருவதாக முதலில் வந்தவர் அவள் அப்பா. பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் அவரை மட்டும் உள்ளே அழைத்துப் பேசினார். வெளியே வந்து, "அச்சனோடது பொருந்தலை" என்றார். மாமியார் சண்டைக்கே போய்விட்டார். "பெத்த அப்பனோடது எப்படிப் பொருந்தாம போகும்?" டாக்டர் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். மீனுவின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது நான். என்னையும் தனியாக அழைத்தார். "இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லு மோளே. பொருந்தலைன்னு நானே வெளிய சொல்லிடுவேன். காரணம் இந்த ரூமைத் தாண்டாது."

நான் மூடியிருந்த கதவைப் பார்த்தேன். "அப்போ மீனுவோட அப்பா...?"

"அது வேற ஆளோட பேச்சு. நீ உன்னோடதைச் சொல்லு."

பெற்றவள் உடனே சரி என்றிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. "நான் செத்துட்டா அவளை யார் பார்ப்பா?" என்று அழுதேன். "பயப்படாத ஆளைக் கண்டாதான் எனக்குப் பயம். யோசிச்சிட்டு நாளைக்கு வா" என்றார். மறுநாள் போய்ச் சம்மதித்தேன்; என்னுடையதைத்தான் அவளுக்கு வைத்தார். நான் தயங்கிய அந்த ஒரு நாள் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மீனுவுக்கு இப்போது பன்னிரண்டு. இந்த மாதம் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது; வைத்த சிறுநீரகம் தளர்கிறதோ என்று பயம். புது டாக்டர் நல்லவர்தான், பார்க்கலாம் என்கிறார். மறுபடி ஒன்று வேண்டி வந்தால், தர என்னிடம் இன்னொன்று இல்லை. பழைய ஃபைலில் அப்பாவின் பெயருக்கு நேரே டாக்டரின் கையெழுத்தில் "பொருந்தவில்லை" என்று மட்டும் இருக்கிறது. அது நிஜமா என்று கேட்க அவரும் இல்லை.

இதை எழுதி மீனுவின் அப்பாவிடம்தான் முதலில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "அனுப்பு" என்றார். பிறகு, "மணி எட்டாச்சு" என்று அவளுடைய மாத்திரை டப்பாவை எடுக்கப் போனார். நாலு வருஷமாக அவர்தான் கொடுக்கிறார், ஒரு வேளை தவறியதில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் வைத்துவிட்டுப்போன சிறுநீரகத்தைக் காப்பது என் கையில் இல்லை. அவரைப் போல, காரணம் கேட்டு யாரையும் நெருக்காமல் இருப்பது மட்டும் என் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.