உள்மூடியில் ஒரு கீறல்

எங்கள் பள்ளத்தாக்கில் கடிகாரக்கார மெலான் வீட்டை அறியாதவர் கிடையாது. பெரியவர் ஓகுஸ்துக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் லூசியன், இளையவன் ஃபெர்னான். லூசியனைக் கட்டிக்கொண்டு வந்தவள் ஒடில். அவனோடு மூன்றே வருஷம்தான் வாழ்ந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று பிப்ரவரியில் அண்ணனும் தம்பியும் உறைந்த ஏரியைக் கடக்கப் போனார்கள்; தம்பி மட்டும் திரும்பினான். ஏரியின் பனிக்கட்டி உடைந்துவிட்டது, அண்ணன் கை கடைசிவரை எனக்கு எட்டவே இல்லை என்று அழுதான்.

ஏப்ரலில் ஏரி இளகியபோது உடல் கிடைத்தது. மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. லூசியன் ஐந்து வருஷம் குனிந்து உட்கார்ந்து தன் கையால் செய்தது அது. பொத்தானை அழுத்தினால் மணியையும் நிமிஷத்தையும் அடித்துச் சொல்லும். லீப் வருஷத்தையும் தானே அறிந்து தேதி மாற்றும். ஏரி எடுத்துக்கொண்டது என்றார்கள். ஒடிலும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து ஜெனீவாவின் ஏலக்கூடம் ஒன்றிலிருந்து ஒடிலுக்குக் கடிதம் வந்தது. வெளிநாட்டில் இறந்துபோன யாரோ ஒருவரின் கடிகாரம், மெலான் வீட்டு வேலை மாதிரி இருக்கிறது, வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று. இந்தப் பனியில் எதற்கு அலைச்சல் என்று ஃபெர்னான் தடுத்தான். அவள் கேட்கவில்லை. அப்படியானால் காரில் நானே கூட்டிப்போகிறேன் என்றான். ஆனால் கூடம் வந்ததும் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றுகொண்டான்.

ஏலக்கூடத்துப் பெண் பின்மூடியைத் திறந்து, உருப்பெருக்கியை நீட்டினாள்.

"இது உங்க வீட்டுக்காரர் அடையாளம்னு தெரியுதும்மா. கீழ இருக்கே, அது யாரோடது?"

பழுது பார்த்த கடிகாரத்தின் உள்மூடியில் தன் அடையாளத்தையும் மாதத்தையும் ஊசியால் கீறாமல் மூட மெலான் வீட்டு ஆண்களுக்குக் கை வராது. அப்பன் பழக்கிய பழக்கம். லூசியனின் ‘எல்’ எழுத்துக்குக் கீழே, மீன் வால் வைத்த ஓர் ‘எஃப்’ எழுத்து. பக்கத்தில், மார்ச் எழுபத்தொன்று. உடல் கிடைப்பதற்கு ஒரு மாதம் முன்னால். உள்ளே தண்ணீர் புகுந்த துருக்கறை; பற்சக்கரம் ஒன்று மட்டும் புதிதாக மாற்றியிருந்தது.

ஒடில் உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள். பிறகு பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

திரும்பும் வழியில், கார் மலை ஏறும்போது ஃபெர்னான் கேட்டான்.

"என்ன கேட்டாங்க அண்ணி?"

"யார் கை பட்டிருக்குன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் கைன்னு சொன்னேன். எட்டலேன்னியே, அந்தக் கை."

வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. கார் திரும்பவில்லை. ஏரிக்கரையில் போய் நின்றது. நாலு மணி வெளிச்சத்தில் ஏரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. மனித நடமாட்டம் இல்லை. ஃபெர்னான் இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். கையை நீட்டினான்.

"இறங்குங்க அண்ணி. இந்த வருஷம் நல்லா இறுகியிருக்கு. அக்கரைக்கு நடந்தே போயிடலாம்."

ஒடில் அந்தக் கையைத் தொடவில்லை. தன் கைத்தடியை எடுத்துக்கொண்டாள்.

"உன் பேரை அங்க எழுதிக்கிட்டாங்க ஃபெர்னான். இனிமே நான் வீடு வந்து சேர்ந்தாலும் ஒண்ணுதான், சேரலேன்னாலும் ஒண்ணுதான். நீ முன்னால நட."