செந்தில் எனக்கு எடுத்து வைத்த பங்கு

நானும் நண்பன் செந்திலும் கலிபோர்னியாவின் சியரா மலை ஓடையில் சேர்ந்து கண்டெடுத்த கல் அது. வெள்ளைக் கல்லுக்குள் தங்க இழை ஓடும். ஆறு மாதம் அவன் வீட்டில், ஆறு மாதம் என் வீட்டில் என்று பேச்சு.

இன்று என் முறை. ஃப்ரீமான்ட்டில் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

தன் மகளின் காதைக் காட்டினான். புதுத் தோடு.

“உடைச்சு தங்கத்த மட்டும் எடுத்துட்டேன்டா. கல்லுக்குள்ள சும்மாதானே கெடந்துச்சு!”

“கல்லோட இருந்தாதான்டா அதுக்கு அழகு. எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்?”

“ஆமா, உனக்குக் கல்லுதானே பிடிக்கும்? உன் பங்க பத்திரமா வச்சிருக்கேன்” என்று ஜிப்லாக் பிளாஸ்டிக் பையை நீட்டினான். உள்ளே வெள்ளைத் துகள்.

அவன் கொடுத்த காபியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

கல்லை ஒட்டத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் இருவரையும் ஒட்டவைக்க யாரும் வரவேண்டாம்.