கையோடு வந்த கொக்கி

போன வாரம் படுக்கை விரிப்பை உதறியபோது உள்ளங்கையில் பழுப்பாய்ப் பொடி ஒட்டியது. சட்டென்று அண்ணாந்து மேலே பார்த்தேன். பேரன் தின்ற பிஸ்கட் தூள்தான். இத்தனை வருஷமாகியும் என் கழுத்துக்கு அந்தப் பழக்கம் போகவில்லை, பாருங்கள்.

கல்யாணமான புதிதில் சதுரங்கப்பட்டினத்தில் குடியிருந்தோம். இவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை என்று புகுந்த வாடகை வீடு. அந்த 'வரை'யை நம்பிப் பாதிச் சாமான்களைப் பிரிக்கவேயில்லை. முன்கட்டில் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணனும் தேசம்மா அக்காவும். அண்ணன் மீன் வண்டி ஓட்டுவார். நாங்கள் இருந்த பின்கட்டை அவரே கொத்தனாரோடு நின்று கட்டினாராம். யாராவது வந்தால் மேலே தளத்தைக் காட்டி, "நம்ம கையால போட்டதுப்பா" என்பார்.

அந்தத் தளத்தில் ஒரு கறை இருந்தது. மழைக்கு மழை கொஞ்சம் பெரிதாகும். படுத்தபடி பார்த்தால் இவருக்கு அது இலங்கை, எனக்கு நண்டு. இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம் என்றால் நம்புவீர்களா? வேறு வேலையில்லாத வயது.

கயல் பிறந்ததும் அங்கேயே கொக்கியில் தூளி கட்டினோம். மதியத்தில் ஒரு கையால் ஆட்டிக்கொண்டே கண்ணயர்வேன். ஜன்னல் வெயிலில் மேலிருந்து பொடி இறங்கும், தங்கத்தூள் மாதிரி. பாதித் தூக்கத்தில் அதை அழகென்றே நினைத்திருக்கிறேன். பிறகு எழுந்து பிள்ளையின் நெற்றியைத் துடைப்பேன்.

பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் அந்த இடத்தில் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பார். ஆடி வருவதற்குள் பூச்சு உப்பிக்கொள்ளும். ஒருமுறை தூளிக்குப் பக்கத்தில் தோசை அகலத்துக்கு உதிர்ந்தது. அன்று இவர் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டார்.

மறுநாள் அண்ணன் கரண்டியும் சிமெண்டுமாக வந்தார். "ஒண்ணும் இல்லம்மா, ஈரம். புள்ளய தூக்கிக்கோ."

தூக்கிக்கொண்டேன். ஸ்டூலில் ஏறியவர் பிடிமானத்துக்குக் கொக்கியைப் பற்றினார். அது கையோடு வந்துவிட்டது. வந்த இடத்தில் கம்பி தெரிந்தது. விரலால் தொட்டார். நமுத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

இறங்கி, கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுலயா தூங்கினு இருந்துச்சி புள்ள?"

கயலை இறுக்கியதில் அவள் வீறிட்டாள்.

"ஆத்து மண்ணுக்கு வக்கில்ல. கடல் மண்ண வாரினு வந்து போட்டேம்மா. உப்பு துன்னுட்சி. எனுக்குத் தெரியும். பூசிப் பூசி என்னையே ஏமாத்திகினு இருந்துட்டேன்."

அந்த வாரமே தளத்தை உடைத்தார்கள். நாங்கள் முன்கட்டுக்குப் போய்விட்டோம். இடிபாடுகளை அள்ளி முடித்த சாயங்காலம், நான்கு சுவருக்கு நடுவில் தேசம்மா அக்கா பாயை விரித்தார். கயல் மல்லாந்து கிடந்து, சமையல் அலமாரிக்கு மேலே மிதந்த மேகத்தைப் பார்த்துக் கைகொட்டினாள். செம்மண் நிறத்தில் வெளிச்சம் அறை முழுக்க நின்றது. காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே கொக்குகள் பறப்பது போலிருந்தது. யாருக்கும் எழுந்து போக மனமில்லை.

அண்ணன் மட்டும் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாயா மூஞ்சத் தூக்கினு கீற? அந்த மண்ண நானுந்தான கூடைல சொமந்தேன்? பாதிக் குத்தம் என்னுது. வா, டீ ஆறுது" என்றார் அக்கா.

அவர் மெல்ல எழுந்து வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். கயல் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

பாலாற்று மணலில் புதுத் தளம் போட்டார். அடுத்த வருஷம் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது.

இப்போது அங்கே ஒரு லாட்ஜ் நிற்கிறது. அண்ணன் இல்லை. அக்கா சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் மகனோடு, மூன்றாவது மாடியில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது இங்க. அலை சத்தந்தான் இல்ல. ஃபேன வேகமா வெச்சிட்டுக் கண்ண மூடிக்குவேன்."